தக்கலை ஜெராக்ஸ் கடையில் அடித்த கவிதைப் புத்தகம்

உதவி பெறும் பள்ளி ஒன்றில் 16 வருடமாக மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். இது தக்கலையில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகும் சாலையில் இருக்கும் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடையைப் பற்றியது. கவிதை நடத்தும் ஆசிரியர்களுக்குக் கட்டாயம் உதவும்.

எங்கள் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் எழுத மாட்டார்கள். கிறுக்கினால் வீட்டில் திட்டு விழும் என்று பழகியவர்கள். ஆனால் பேனா பிடிக்காமல் கவிதை படிக்க முடியாது. அதனால் டென்னிசனின் 'யுலிசிஸ்', தோரு தத்தின் 'எங்கள் சவுக்கு மரம்' இரண்டையும் தனிச் சிறு புத்தகமாக அடிக்க நினைத்தேன். இடப்பக்கம் கவிதை, வலப்பக்கம் வெறுந்தாள், ஐந்து வரிக்கு ஒரு வரி எண்.

முதலில் வேறொரு கடையில் கொடுத்தேன். கவிதையும் வெறுந்தாளும் எதிரெதிரே வராமல் முதுகோடு முதுகாக வந்துவிட்டன. பிள்ளைகள் தாளைப் புரட்டிப் புரட்டி எழுதினார்கள். இரண்டாம் நாளே பாதிப் பேர் விட்டுவிட்டார்கள்.

இந்தக் கடை அண்ணன் கோப்பைத் திறக்கும் முன்பே ஒரு கழிவுத்தாளை எடுத்து நாலாக மடித்தார். பக்க எண் போட்டார். "டீச்சர், கவிதை எந்தப் பக்கம் விழணும்?" என்று கேட்டார். இடப்பக்கம் என்றேன். "அப்போ கவிதை எல்லாம் இரட்டைப்படை எண்ணில் வரணும், மொத்தப் பக்கம் நாலின் மடங்கா இருக்கணும்" என்றார். 70 வரியும் 55 வரியும் சேர்ந்து 24 பக்கத்தில், ஆறு ஏ4 தாளில் அடங்கின. ஜெல் பேனா மை பின்பக்கம் தெரியக் கூடாது என்று 80 ஜிஎஸ்எம் கனமுள்ள தாள் போடச் சொன்னதும் அவர்தான். நடுவில் பின் அடித்து, ஒரு பிரதி 15 ரூபாய். 42 பிள்ளைகளுக்கு 630 ரூபாய்.

அதை வைத்து ஒரு கவிதைக்கு ஆறு பீரியட் ஒதுக்கினேன். முதல் பீரியடில் பொருள் சொல்வதே இல்லை. நான் வாசிப்பேன், அவர்கள் புரியாத இடத்தை வெறுந்தாளில் எழுதுவார்கள். இரண்டாம் பீரியட் அந்தக் கேள்விகளுக்கு. தோரு தத் கவிதையில் மலைப்பாம்பு போல ஒரு கொடி மரத்தைச் சுற்றியிருக்கும். "சவுக்குல எங்க டீச்சர் கொடி ஏறும்?" என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். கடற்கரையில் கம்புக்காக வளர்க்கும் ஒல்லிச் சவுக்கைத்தான் அவர்களுக்குத் தெரியும். அந்தக் கேள்வியில் தொடங்கி, அது தோட்டத்தில் பல வருடம் நின்ற முதிர்ந்த மரம், அதன் நிழலில் தோரு தத்தோடு விளையாடிய அண்ணனும் அக்காவும் இறந்துவிட்டார்கள், எழுதியவளும் 1877-ல் 21 வயதில் போய்விட்டாள் என்று வந்து சேர்ந்தோம். வகுப்பு அமைதியாகிவிட்டது.

'யுலிசிஸ்' 55, 56-ஆம் வரிகளில் ஆழ்கடல் பல குரல்களில் முனகும். குளச்சலில் இருந்து வரும் ஒரு பையன் அதற்கு எதிரே, "ஆடி மாசம் ராத்திரி எங்க வீட்டில் கேட்கும் சத்தம்" என்று தமிழில் எழுதியிருந்தான். 90 மதிப்பெண் வினாத்தாளில் இதற்கு இடம் இல்லை. ஆனால் அந்த வரியை அவன் மறக்க மாட்டான். கைடில் இருக்கும் விளக்கத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இது கிடைக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

குறை என்றால், ஒரே ஆள் நடத்தும் கடை. காலை ஒன்பது மணிக்கு மேல் ஆதார் நகலுக்கும் விண்ணப்பத்துக்கும் கூட்டம் சேர்ந்துவிடும், நமக்கு நின்று பேச நேரம் தரமாட்டார். முதல் நாள் கோப்பை வேர்டில் கொண்டுபோனேன், அவர் கணினியில் வரிகள் இடம் மாறிவிட்டன. பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். படங்கள் கறுப்பாகத்தான் விழும்.

இன்னொன்று. பாடத்தில் அமெரிக்கக் கவிஞர் கார்ல் சான்ட்பர்க்கின் கவிதையும் உண்டு. அவர் 1967-ல் இறந்தவர். இந்தியாவில் எழுதியவர் இறந்து 60 வருடம் வரை பதிப்புரிமை உண்டு. அதனால் அவர் கவிதையை நான் அடிக்கவில்லை, அதைப் பாடப்புத்தகத்தை வைத்தே நடத்துகிறேன்.

அடுத்து மனித வாழ்வின் ஏழு பருவங்களைச் சொல்லும் ஷேக்ஸ்பியர் கவிதை. 28 வரிதான், எட்டுப் பக்கம் போதும். பள்ளி திறந்த முதல் வாரமே கொடுக்கப் போகிறேன். கழிவுத்தாளை இந்த முறை நானே மடித்துக் கொண்டுபோவேன்.