தவறாக ஓடிய டெலீட்: பேக்கப், சாஃப்ட் டெலீட், தாமத ரெப்ளிகா – எது கைகொடுக்கும்?

தரவுத்தளத்தில் வரிகளை அழிக்கும் ஒரு டெலீட் கட்டளையின் உள்வினவலில் (எந்த வரிகளை அழிப்பது என்று வேறொரு டேபிளைக் கேட்கும் உட்பகுதியில்), அந்த வேறு டேபிளில் இல்லாத பத்தியின் (நெடுவரிசையின்) பெயரை எழுதிவிட்டால் பிழைச்செய்தி வரும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். அதே பெயரில் வெளி டேபிளில், அதாவது அழிக்கப்படும் டேபிளில், ஒரு பத்தி இருந்தால் வராது. தரவுத்தள வினவல் மொழியான எஸ்கியூஎல்லின் விதிப்படி அந்தப் பெயர் வெளி டேபிளுக்கே உரியதாகிறது. ஒவ்வொரு வரியும் தன்னோடு தானே பொருந்த, டேபிள் கிட்டத்தட்ட மொத்தமாகக் காலியாகிவிடும். நிபந்தனை இருக்கிறது, இலக்கணமும் சரி. கண்ணால் படித்துப் பிடிப்பது கடினம். ஆகவே, மீட்கும் வழியை முன்கூட்டியே தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

பேக்கப்பை எடுத்து, அதன்மேல், பின்னர் நடந்த மாற்றங்களின் பதிவுகளை விபத்துக்கு முந்தைய நொடிவரை ஓட்டுவது பழைய வழி. எந்தப் பிழைக்கும் இது பொருந்தும். ஆனால் முழுத் தரவுத்தளமும் சேர்ந்து பின்னோக்கிப் போகும். பாதிப்பு ஒரு மூலையில் மட்டும் என்றால் அதுவே தொல்லை. 2022 ஏப்ரலில் அட்லாசியன் மென்பொருள் நிறுவனத்தின் ஒரு ஸ்கிரிப்ட் 775 வாடிக்கையாளர்களின் 883 தளங்களை அழித்தது. பேக்கப் இருந்தது. ஆனாலும் மற்றவர்களின் தரவைத் தொடாமல் இவர்களுடையதை மட்டும் பிரித்தெடுக்கத் தானியங்கி வழி இல்லாததால், சிலருக்கு இரண்டு வாரம்வரை ஆனது.

அந்த ஸ்கிரிப்டில், தரவை நீக்காமல் ‘அழித்ததாகக் குறித்து வை’ என்ற முறையும், அதாவது சாஃப்ட் டெலீட்டும், இருந்தது. ஓடியது நிரந்தர அழிப்பு. சாஃப்ட் டெலீட்டின் பலமும் பலவீனமும் இந்த ஒரே நிகழ்வில் தெரிகின்றன. குறித்து மட்டும் வைத்திருந்தால் மீட்பு மிக எளிது. நிரந்தரமாக அழிக்கும் கதவு பக்கத்திலேயே திறந்திருந்தால் பயனில்லை. செயலி நுழையும் கணக்கிலிருந்து டெலீட் உரிமையையே பறித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு வினவலிலும் அழிந்த வரிகளை ஒதுக்க வேண்டும், பழைய மின்னஞ்சலில் மறுபடி பதிவு செய்பவர், ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்ற தனித்தன்மைக் கட்டுப்பாட்டில் முட்டுவார் என்பவை கூடுதல் சுமைகள். இவற்றைவிடப் பெரிய ஓட்டை வேறு: தவறான அப்டேட் மதிப்புகளை மேலெழுதிவிட்டால் சாஃப்ட் டெலீட்டால் எதையும் திருப்பித் தர முடியாது.

ரெப்ளிகா என்பது மூலத் தரவுத்தளத்தின் மாற்றங்களைத் தொடர்ந்து வாங்கிக்கொள்ளும் நகல். சாதாரண ரெப்ளிகா தவறையும் நொடிகளில் நகலெடுத்துவிடும். தாமத ரெப்ளிகா வேண்டுமென்றே சில மணிநேரம் பின்தங்கி நிற்கும்; தரவுத்தள மென்பொருள்களான மைஎஸ்கியூஎல்லில் 5.6 பதிப்பு முதலும் போஸ்ட்கிரெஸில் 9.4 பதிப்பு முதலும் இந்த வசதி உண்டு. விபத்து தெரிந்தவுடன் அதன் ஓட்டத்தை நிறுத்தி, கெடாத வரிகளை மட்டும் எடுத்து மூலத்தில் சேர்க்கலாம். டெலீட், அப்டேட் இரண்டுக்கும் இது உதவும். செலவு, இன்னொரு சர்வர்.

பேக்கப்பை யாரும் விட முடியாது. அதற்கு அடுத்து ஒன்றுக்குத்தான் வசதி என்றால், பயனர் தாமே அழிக்கும் பொருள்களுக்கு சாஃப்ட் டெலீட் போதும். பொறியாளர்கள் நேரடியாக வினவல் ஓட்டும் இடங்களில் தாமத ரெப்ளிகாவைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். தாமதத்தை ஒரு மணிநேரமாக வைப்பது போதாது. இரவு ஓடும் வேலையின் பிழை காலையில்தான் கண்ணில் படும். குறைந்தது எட்டு மணிநேரமாவது வேண்டும்.