டுமாரோவின் ஒரே ஆல்பம்: எந்தப் பதிப்பை வாங்கலாம்?

லண்டன் ராக் குழுவான டுமாரோவின் ஒரே ஆல்பம், பார்லோஃபோன் நிறுவனம் 1968 பிப்ரவரியில் வெளியிட்ட ‘டுமாரோ’. அதில் 11 பாடல்கள். அவற்றில் ஆறு பிரமாதம். இரண்டு பரவாயில்லை. மூன்றைத் தாண்டிப் போகலாம். குறையைச் சொல்வதற்காக இந்தக் கணக்கைப் போடவில்லை. இந்தத் தட்டுக்குள் வேகமான கிதார் ராக் ஒன்று, குழந்தைக் கதை போன்ற பாடல்கள் ஒன்று என்று இரண்டு ஆல்பங்கள் இருக்கின்றன, எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

குழுவில் நால்வர்: பாடகர் கீத் வெஸ்ட், கிதாரில் ஸ்டீவ் ஹவ், பேஸில் ஜான் ‘ஜூனியர்’ வுட், டிரம்ஸில் ‘ட்விங்க்’ என்ற ஜான் ஆல்டர். ‘இன் க்ரௌட்’ என்ற பெயரில் அமெரிக்க சோல் பாடல்களை வாசித்துக்கொண்டிருந்தவர்கள் 1967இல் பெயரையும் பாணியையும் மாற்றிக்கொண்டார்கள். லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் இருந்த யு.எஃப்.ஓ. கிளப்பில் பிங்க் ஃபிளாய்ட், சாஃப்ட் மெஷின் ஆகியவற்றோடு இவர்களும் வழக்கமாக வாசித்தார்கள். அந்தக் கிளப்பை நடத்திய ஜோ பாய்ட், அறுபதுகளின் உச்சம் 1967 ஜூலை 1 விடியலுக்குச் சற்று முன், டுமாரோ அங்கே வாசித்துக்கொண்டிருந்தபோது நிகழ்ந்தது என்று தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கொஞ்சம் மிகைதான். ஆனால் மேடையில் இவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்பதற்கு ஒரு சாட்சியம்.

அந்த மேடை வேகம் தட்டில் பாதிதான் வந்திருக்கிறது. தயாரிப்பாளர் மார்க் வெர்ட்ஸுக்கு ஆர்கெஸ்ட்ரா, குழந்தைக் குரல்கள், கதைப்பாட்டு இவற்றில்தான் ஆசை. ‘டீனேஜ் ஆபரா’ என்று அவர் திட்டமிட்டிருந்த படைப்பிலிருந்து, ஜாக் என்ற மளிகைக்கடைக்காரரைப் பற்றிய ஒரு பகுதியை கீத் வெஸ்ட் பாட, அது 1967இல் வெளியாகி பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடம் வரை போனது. குழுவுக்குத் தலைவலி அங்கேதான் ஆரம்பித்தது. மளிகைக்கடைக்காரர் ஜாக்கின் பாட்டைக் கேட்க வந்த கூட்டத்துக்கு முன்னால் நீண்ட கிதார் வாசிப்பு எடுபடவில்லை. ஆல்பம் வெளியாவதும் தள்ளிப்போனது. அட்டையில் ‘கீத் வெஸ்டுடன்’ என்ற அடைமொழி ஏறியது. தட்டு கடைக்கு வந்த சில மாதங்களில் குழு கலைந்துவிட்டது.

பாடல்களுக்கு வருவோம். ‘மை ஒயிட் பைசைக்கிள்’ ஒன்றுக்காகவே வாங்கலாம். ஆம்ஸ்டர்டாமில் 1965இல் ‘ப்ரோவோ’ என்ற எதிர்ப்பியக்கத்து இளைஞர்கள் சைக்கிள்களுக்கு வெள்ளை அடித்து, பூட்டாமல், யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டட்டும் என்று தெருவில் விட்டார்கள். பூட்டாமல் விடுவது சட்டவிரோதம் என்று போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. அதுதான் பாட்டின் கரு, அதில் ஒலிக்கும் விசிலுக்கும் காரணம் அதுவே. முதல் நொடியிலிருந்து கேட்கும் அந்த உறிஞ்சுவது போன்ற தாளம் பின்னோக்கி ஓடும் ஒலி. டேப்பைத் திருப்பிப் போட்டுப் பதிவு செய்து, பிறகு நேராக ஓட்டினால், அடி விழும் கணம் கடைசியில் வரும். ஒலி மெல்ல எழும்பி, பட்டென்று அறுந்து நிற்கும். செய்வதற்குச் சுலபம் போலத் தோன்றும். ஆனால் ஒலியை நான்கு தனித்தனித் தடங்களில் பதியும் நான்கு டிராக் டேப்பைத் திருப்பினால் 1ஆம் டிராக் 4ஆம் இடத்துக்கும் 2ஆவது 3ஆம் இடத்துக்கும் போய்விடும். இதை மறந்து பதிவுப் பொத்தானை அழுத்தினால் ஏற்கெனவே பாடி வைத்தது அழிந்து போகும். கிதார்க்காரருக்கு இன்னொரு சிக்கல்: ஸ்வரவரிசையை வால் முதல் தலை வரை யோசித்து வாசிக்க வேண்டும். ஹவ் அதைச் செய்திருக்கும் விதத்தில் தடுமாற்றமே தெரியவில்லை.

இந்தப் பதிவுகள் நடந்தது அபே ரோடு ஸ்டூடியோவில். ஒலிப்பதிவாளர்களில் ஒருவர் பீட்டில்ஸுடன் வேலை செய்த ஜெஃப் எமரிக். அதனால் ஒலியின் தரத்தில் குறை சொல்ல இடமில்லை.

‘ரியல் லைஃப் பெர்மனென்ட் ட்ரீம்’, ‘நவ் யுவர் டைம் ஹேஸ் கம்’ இரண்டிலும் ஹவ்வின் விரல்கள் எங்கே போகப்போகின்றன என்று தெரிந்துவிடும். 1970இல் அவர் ‘யெஸ்’ குழுவில் சேர்ந்த பிறகு உலகம் கேட்ட வாசிப்பின் விதை இங்கே இருக்கிறது. ‘ரெவல்யூஷன்’ அதே தலைப்பில் பீட்டில்ஸ் பாடுவதற்கு ஓராண்டு முன்பே வந்த பாட்டு. ‘ஹலூசினேஷன்ஸ்’ மென்மையான மெட்டு, இரண்டாம் பக்கத்தின் முடிவில் வருகிறது. பீட்டில்ஸின் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபார்எவர்’ பாட்டை எடுத்துப் பாடியது துணிச்சல்தான், ஆனால் மூலத்தைக் கேட்ட காதுக்குக் கொஞ்சம் அவசரமாகத் தெரியும். ‘த்ரீ ஜாலி லிட்டில் ட்வார்ஃப்ஸ்’, ‘ஆன்ட்டி மேரிஸ் டிரஸ் ஷாப்’, ‘ஷை பாய்’ மூன்றும் அந்தக் காலத்து லண்டனில் மலிந்திருந்த பொம்மைக்கடைப் பாடல்கள். பிடித்தவர்களுக்குப் பிடிக்கும்.

இப்போது பதிப்புகள். மூல எல்.பி.யின் பட்டியல் எண் மோனோவில் (ஒரே சேனல் ஒலி) பி.எம்.சி. 7042, ஸ்டீரியோவில் பி.சி.எஸ். 7042. கருப்பு லேபிளில் மஞ்சள் எழுத்தில் பார்லோஃபோன் பெயர் இருக்க வேண்டும். 1969க்குப் பிறகு வந்த லேபிள்களில் கட்டத்துக்குள் தாய் நிறுவனமான ஈ.எம்.ஐ.யின் பெயர் இருக்கும், அப்படியிருந்தால் அது முதல் அச்சு அல்ல. விற்பவர் ‘நல்ல நிலை’ என்று சொன்னாலும் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டை ஓட்டிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மையத்தை நெருங்க நெருங்க ஊசிக்கடியில் தட்டு நகரும் வேகம் குறைந்து ஒலி அலைகள் நெருக்கமாகும், தேய்மானம் முதலில் அங்கேதான் கரகரக்கும். ‘ஹலூசினேஷன்ஸ்’ அமைதியான பாட்டு, மறைக்க வழியே இல்லை.

மோனோவா ஸ்டீரியோவா என்றால் மோனோதான். நான்கே டிராக், அதில் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வாத்தியங்கள் ஒட்டிக்கிடக்கும். ஸ்டீரியோ கலவைக்கு இடம், நடு, வலம் என்று கொத்தாகத் தூக்கி வைப்பதைத் தவிர வழியில்லை. ஹெட்போனில் கேட்டால் குழு அறையின் இரண்டு மூலைக்கும் பிரிந்து போனது போல இருக்கும். மோனோ தட்டை ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் (ஊசி பொருத்திய பகுதி) ஓட்டுபவர்கள் ஆம்ப்ளிஃபையரில் மோனோ சுவிட்ச் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். மோனோ ஒலி ஊசியின் பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது. தூசியும் கீறலும் ஊசியை மேலும் கீழும் ஆட்டுவதால் வரும் இரைச்சல் இரண்டு சேனலையும் கூட்டும்போது பெருமளவு அடிபட்டுப்போகும்.

மூல எல்.பி.யில் பெரிய குறை, ‘கிளாரமவுன்ட் லேக்’ அதில் இல்லாதது. ‘மை ஒயிட் பைசைக்கிள்’ சிங்கிளின் பின்பக்கத்தில் வந்த இந்தப் பாட்டு ஆல்பத்தில் உள்ள பாதியைவிட மேல். ஆகவே கேட்பதற்காக வாங்குபவர்களுக்கு 1999இல் ஈ.எம்.ஐ. வெளியிட்ட சிடிதான் பரிந்துரை. 11 பாடல்களோடு 12 கூடுதல் பதிவுகள்: ‘கிளாரமவுன்ட் லேக்’, சில பாடல்களின் மோனோ வடிவங்கள், பேர்ட்ஸ் குழுவின் ‘ஒய்’ பாட்டை இவர்கள் எடுத்துப் பாடியது, கீத் வெஸ்டின் தனிப்பாடல்கள், ட்விங்கும் ஜூனியரும் ‘அக்வேரியன் ஏஜ்’ என்ற பெயரில் 1968இல் செய்த சிங்கிள்.

‘50 மினிட் டெக்னிகலர் ட்ரீம்’ என்ற தொகுப்பு வேறு சங்கதி. மேடைப் பதிவுகளும் வெளிவராதவையும் கொண்டது. இத்தாலிய இயக்குநர் அன்டோனியோனியின் ‘ப்ளோ-அப்’ படத்துக்காக இன் க்ரௌட் நாட்களில் பதிவு செய்தவையும் உண்டு, படத்தில் கடைசியில் யார்ட்பேர்ட்ஸ் குழுதான் தோன்றியது. ஒலித்தரம் ஏற்ற இறக்கமாக இருக்கும். ஆல்பம் பிடித்துப்போனவர்கள் இரண்டாவதாக வாங்கலாம், முதலில் வேண்டாம்.

இதற்கு மேல் தோண்ட விரும்பினால், ட்விங்க் டிரம்ஸ் வாசித்த பிரிட்டி திங்ஸ் குழுவின் ‘எஸ்.எஃப். சாரோ’ ஆல்பம் (1968) அடுத்த நிறுத்தம். நாசரெத் குழு 1975இல் ‘மை ஒயிட் பைசைக்கிள்’ பாட்டைக் கனத்த ராக்காக மாற்றி பிரிட்டனில் 14ஆம் இடம் பிடித்தது. அதையும் ஒருமுறை கேளுங்கள், பின்னோக்கி ஓடும் அந்தத் தாளம் மட்டும் அதில் கிடைக்காது.