வகுத்தல் கற்பிக்க ஒரு மரக்கட்டைத் தொகுதி

யாழ்ப்பாண நகரின் புத்தகக் கடைகளில் ஆரம்பப் பிரிவுக் கணிதத்துக்கெனக் கிடைப்பவற்றுள் சுவரில் தொங்கவிடும் வாய்ப்பாட்டு அட்டைகளே அதிகம். அவற்றுக்கிடையில் கண்ட இந்த இடப்பெறுமானக் கட்டைத் தொகுதியை, தரம் 4 பிள்ளைகளுக்கு வகுத்தலைக் கற்பிப்பதற்காகவே வாங்கினேன். ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள ஒற்றைக் கட்டைகள் 100, பத்துக் கட்டை நீளமுள்ள கோல்கள் 30, நூறு கட்டைப் பரப்புள்ள தட்டுகள் 10, மூன்று நிரல்கள் அச்சிட்ட ஒரு விரிப்பு ஆகியன பெட்டியில் உள்ளன. ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் சோல்டான் டீன்ஸ் கடந்த நூற்றாண்டில் வகுப்பறைகளுக்குக் கொண்டுவந்த கட்டைகளின் அமைப்பே இது.

432ஐ 3ஆல் வகுக்கும் பிள்ளை, "நாலுக்கு ஒருதரம், மீதி ஒன்று, மூன்றை இறக்கு, பதின்மூன்று" என்று தடங்கலின்றி ஒப்புவிக்கும்; அந்த மீதி ஒன்று உண்மையில் ஒரு நூறு என்பதை அறியாமலே விடையையும் சரியாக எழுதிவிடும். கட்டைகளை வைத்துச் செய்யும்போது இந்த அறியாமைக்கு இடமில்லை. நான்கு தட்டுகளை மூவருக்குப் பங்கிட்டால் ஒரு தட்டு எஞ்சுகிறது. அதைப் பத்துக் கோல்களாக மாற்றி, இருக்கும் மூன்று கோல்களுடன் சேர்த்தால் 13 கோல்கள் ஆகின்றன. ஆளுக்கு நான்கு கொடுத்தபின் எஞ்சும் ஒரு கோலும் அவ்வாறே பத்து ஒற்றைகளாகி, 12 ஒற்றைகளும் ஆளுக்கு நான்காகப் பிரிகின்றன. ஒவ்வொருவர் முன்னாலும் இருப்பது 144.

இத்தொகுதியின் பெறுமதியை நான் முழுமையாக உணர்ந்தது 618 ÷ 3 என்ற கணக்கில்தான். பத்தினிடத்தில் பூச்சியம் போடாமல் 26 என்று எழுதுவது இந்த வயதுப் பிள்ளைகளிடம் வழமையான பிழை. ஆறு தட்டுகளையும் பங்கிட்ட பின்னர், இருந்த ஒரேயொரு கோலைக் கையில் வைத்திருந்த ஒரு மாணவி, "ரீச்சர், கோல் ஒருத்தருக்கும் வரேல்லை" என்றாள். அப்படியானால் பத்தினிடத்தில் என்ன எழுதலாம் என்று கேட்டதும், பூச்சியம் போட்டுவிட்டு, கோலைப் பத்து ஒற்றைகளாக மாற்றி 18ஐப் பங்கிட்டு, 206 என்று முடித்தாள். பூச்சியத்தை மறக்காதே என்று ஆயிரம் முறை சொல்லியும் பதியாத ஒன்று, வெறுமையாகக் கிடந்த நிரலைப் பார்த்ததும் பதிந்தது.

குறைகளும் உண்டு. 3ஆல் வகுக்கும்வரை 30 கோல்கள் போதும். ஏனெனில் அதிகபட்சம் இரண்டு தட்டுகளே எஞ்சும், எனவே கோல்கள் 29ஐத் தாண்டா. ஆனால் 792ஐ 4ஆல் வகுக்கையில் மூன்று தட்டுகள் எஞ்சி 39 கோல்கள் தேவைப்படுகின்றன. தயாரிப்பாளர் கூட்டலையும் கழித்தலையும் மட்டுமே மனத்திற் கொண்டார் என்பது இதிலிருந்து தெளிவு. உடன் வரும் கைநூலிலும் வகுத்தலுக்கு ஒரு பக்கந்தானும் இல்லை. விரிப்பிலும் பங்கு பெறுவோருக்கான நிரைகள் இல்லாமையால் நான் அவற்றை வெண்கட்டியால் தரையில் கீறிக்கொள்கிறேன்.

மற்றொன்று, மரக்கோலைப் பிரிக்க முடியாது, மாற்றத்தான் முடியும். பத்து என்பது பத்து ஒன்றுகளே என்பதில் இன்னும் உறுதி பெறாத பிள்ளைக்கு இம்மாற்றம் வெறும் விதியாகவே தோன்றும். ஆதலால் முதற் சில பாடங்களுக்கு, பத்துப் பத்தாக இறப்பர் வளையமிட்ட தென்னை ஈர்க்குக் கட்டுகளையே நான் பரிந்துரைப்பேன். ஈர்க்குக் கட்டினை அவிழ்க்கும் கைக்கு விளக்கம் தேவையில்லை. அதன்பின் கட்டைகளுக்கு வந்தால், பெரிய எண்களையும் சிரமமின்றிக் கையாளலாம்.

பாடசாலைக்கு வாங்குவோர், நான்கு பிள்ளைகள் கொண்ட குழுவுக்கு ஒரு தொகுதி என்று கணக்கிட்டு வாங்குவது நல்லது. அதற்கு மேல் போனால் கட்டையைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே மிஞ்சுவர். வீட்டில் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் இதற்குச் செலவிட வேண்டியதில்லை: 100 ரூபாத் தாள்கள், பத்து ரூபா, ஒரு ரூபா நாணயங்கள் ஆகியவற்றைக் கடதாசியில் வரைந்து வெட்டி வைத்தாலே இதே பங்கீட்டையும் மாற்றத்தையும் செய்துகாட்டலாம்.