சென்னை ரிச்சி தெருவில் பழைய லேப்டாப்புக்கு வைத்தியம்

2015இல் வாங்கிய லேப்டாப், ஐந்தாம் தலைமுறை இன்டெல் ஐ3 சிப். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கோ பெரும்பாலும் எட்டாம் தலைமுறை இன்டெல் சிப்பாவது வேண்டும். "புதுசு வாங்கிடுங்க சார்" என்று இரண்டு கடைகளில் கையை விரித்துவிட்டார்கள்.

மூன்றாவது, மாடிப்படிக்கு அடியில் ஒரே ஆள் உட்காரக்கூடிய கடை. அண்ணன் பின்மூடியைக் கழற்றி, விசிறியில் கம்பளி மாதிரி படிந்திருந்த தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினார். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் அதைவிட வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி ராம் 8 ஆனது, அப்புறம் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம். முன்பெல்லாம் ஆன் செய்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். இப்போது டம்ளரை எடுப்பதற்குள் திரை வந்துவிடுகிறது. தமிழில் தட்டச்சு செய்ய தமிழ்99 விசைப்பலகை அமைப்பையும் கேட்காமலே போட்டுக் கொடுத்தார்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு மணி நேரம் என்றவர் மாலை வரை நிற்க வைத்தார், ஸ்டூல்கூடக் கிடையாது. பில் கேட்டால்தான் வரும். அப்பாவின் கணக்கு மென்பொருள் லினக்ஸில் ஓடவில்லை, அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். ஆனால் பழைய டிஸ்க்கை ஒரு உறையில் போட்டு, "போட்டோ எல்லாம் இதுல பத்திரமா இருக்கு" என்று கையில் கொடுத்தார் பாருங்கள், அதற்காகவே நான்கு ஸ்டார்.