செஸ்னா வாலுக்குப் பூட்டு: உள்ளே கம்பியா, வெளியே பலகையா?

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் கோடை மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. பகல் முழுக்கப் புழுக்கம், சாயங்காலம் மேற்கே ஒரு கருக்கல், பிறகு கால் மணி நேரச் சூறை. அந்தக் கால் மணி நேரத்தில் பர்கூர், போச்சம்பள்ளித் தோப்புகளில் பெங்களூரா மாங்காய் மூட்டைக் கணக்கில் உதிர்ந்துவிடும். ஓசூர் ரோஜாப் பண்ணைகளில் பாலிஹவுஸ் ஷீட் கிழிந்து தொங்கும். போன வருஷம் மே மாதத்தில் அப்படி ஒரு ராத்திரிதான் வாட்ச்மேன் பெரியவர் போன் பண்ணினார். "சார், வண்டி வாலு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் டமடமன்னு அடிச்சுக்குது. நான் போய்ப் புடிச்சுக்கட்டுமா?" வேண்டாங்க ஐயா, பக்கத்திலேயே போகாதீங்க என்றேன்.

அவர் வண்டி என்று சொன்னது நான்கு பேர் உட்காரும் செஸ்னா 172 என்ற சிறு விமானம். பராமரிப்பு என் பொறுப்பு. ஓசூரை ஒட்டி, ஏறத்தாழ 3000 அடி உயரத்தில், திறந்த வெளியில் நிற்கிறது. அன்றைக்கு மூன்று கயிறும் கட்டியிருந்தோம், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருந்தோம், உள்ளே கன்ட்ரோல் லாக் என்ற பூட்டுக் கம்பியும் போட்டிருந்தோம். காற்று பலமாக வீசும் இடங்களில் செங்குத்து வாலையும் அதன் பின்னால் திரும்பும் சுக்கானான ரடரையும் சேர்த்து வெளியிலிருந்து ஒரு பூட்டு போடச் சொல்கிறது கையேடு. அதை மட்டும் செய்யவில்லை. அந்த வரியைப் பல தடவை படித்திருக்கிறேன். நம் ஊர்க் காற்றுக்கு அது தேவைப்படாது என்று நினைத்தது என் தவறு.

காலையில் போய்ப் பார்த்தால் இறக்கையின் பின்விளிம்பில் அசையும் எலரானும், வாலின் படுக்கைப் பகுதியில் அசையும் எலிவேட்டரும் பூட்டிய இடத்தில் இருந்தன. ரடர் மட்டும் ராத்திரி முழுக்க மோதி, அதை ஓர் அளவுக்கு மேல் திரும்பவிடாத ஸ்டாப்பை ஒரு பக்கம் வளைத்திருந்தது. பின்விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் கீழ்க் கீலில் ஆட்டம் கைக்குத் தெரிந்தது. கீலுக்குள் இருக்கும் புஷ் என்ற சிறு வளையம் தேய்ந்து, போல்ட் துளை லேசாக நீண்டுவிட்டது. ரடரைக் கழற்றி, பாகம் வரவழைத்து, மாட்டி, கேபிள் இழுவிசை பார்த்து, கையெழுத்துப் போட்டுப் பறக்க விடுவதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. அந்த மூன்று வாரத்தில்தான் இந்தப் பூட்டு விஷயத்தை ஒழுங்காக யோசித்தேன்.

ஹேங்கர் என்ற விமானக் கொட்டகை கிடைத்தவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. கிடைக்காதவர்கள் மூக்கைக் காற்றுக்கு நேராக நிறுத்துவார்கள், நைலான் கயிற்றால் இறக்கை இரண்டையும் வாலையும் கட்டுவார்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மூக்கைத் திருப்பி வைக்கும் உத்தி ஆடிக் காற்றுக்குச் சரி. அது மேற்கு, தென்மேற்கிலிருந்து நாள்கணக்கில் ஒரே பக்கமாக வீசும். கோடைச் சூறையில் காற்று இடிமேகத்திலிருந்து கீழே கொட்டித் தரையில் பரவுகிறது. மேகம் எந்தப் பக்கமோ காற்றும் அந்தப் பக்கத்திலிருந்துதான். எங்களுக்கு அன்றைக்குப் பின்னாலிருந்து வந்தது. முன்னாலிருந்து வரும் காற்றில் ரடர் கொடி மாதிரி பின்னோக்கி நேராக நிற்கப் பார்க்கும். பின்னாலிருந்து வந்தால் தாழ் போடாத கதவு மாதிரி ஏதாவது ஒரு பக்கம் போய் அறைந்துதான் நிற்கும்.

முதலில் உள்ளே போடும் கம்பி. செஸ்னாவோடு வரும் கன்ட்ரோல் லாக் ஒரு வளைந்த இரும்புக் கம்பி, அதில் ஒரு தகடு. விமானி கையில் பிடித்து ஓட்டும் யோக்கின் தண்டில் ஒரு துளை, பேனலில் இருக்கும் காலர் என்ற வளையத்தில் ஒரு துளை. இரண்டையும் நேர்ப்படுத்திக் கம்பியைச் செருகினால் எலரான் நடுநிலையிலும், எலிவேட்டர் பின்விளிம்பு சற்றே தாழ்ந்த நிலையிலும் நின்றுவிடும். தகடு இக்னிஷன் சுவிட்சை மறைத்துக்கொள்ளும். கம்பியை எடுக்காமல் சாவி போட வழியில்லை. அதைச் செய்தவர்களின் யோசனையை இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே மதிக்கிறேன். பத்து விநாடி வேலை, ஏணி வேண்டாம், மழையில் நனைய வேண்டாம். தொலைத்துவிட்டு அதற்குப் பதிலாக நீள ஆணியையோ போல்ட்டையோ செருகி வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். பூட்டு பிடிக்கும், சுவிட்சை மறைக்கும் தகடு இருக்காது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பைப்பர் செரோக்கி என்ற இன்னொரு சிறு விமானம் வைத்திருப்பவர்கள் சீட் பெல்ட்டை யோக்கில் சுற்றி இறுக்குவார்கள். அதுவும் கையேட்டில் இருக்கும் முறைதான். நான் ஒரே ஒரு செரோக்கியில், அதுவும் சில மாதங்கள்தான் வேலை பார்த்திருக்கிறேன். பெல்ட் நாளடைவில் தளர்ந்து, சில அங்குலம் இடம் கொடுத்தது. ஒரு ராத்திரி நிறுத்தத்துக்குப் போதும் என்பதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல என் அனுபவம் காணாது.

கம்பியின் முதல் குறை, ரடரை அது தொடுவதே இல்லை. 172இல் ரடர் பெடலுக்கும் முன்சக்கரத்துக்கும் இடையில் இருப்பது ஸ்பிரிங் இணைப்பு. சக்கரம் தரையில் அசையாமல் நின்றாலும் ஸ்பிரிங் இழுபட்டு ரடர் ஆடும். எங்களுக்கு நடந்தது இதுதான்.

இரண்டாவது குறை கண்ணுக்குத் தெரியாதது. என் முடிவைத் தீர்மானித்ததும் அதுதான். காற்று தள்ளுவது இறக்கை நுனிப் பக்கத்து எலரானை. அதைப் பிடித்து வைத்திருப்பதோ விமானி நெஞ்சுக்கு நேரே இருக்கும் ஒரு கம்பி. நடுவில் எலரான் கீல், தள்ளுதண்டு, இறக்கைக்குள் பெல்கிராங்க், எஃகுக் கேபிள், கப்பிகள், டர்ன்பக்கிள், யோக் மூட்டுகள் என்று ஒரு நீண்ட சங்கிலி. ஒவ்வொரு முறை காற்று தட்டும்போதும் அந்த அடி இத்தனை பாகங்கள் வழியாகவும் போய்த்தான் கம்பியில் முடிகிறது. எஃகுக் கேபிளும் கொஞ்சம் இழுபடும். கம்பியைப் போட்டுவிட்டுப் போய் எலரானின் பின்விளிம்பைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், விரல் அகலமாவது அசையும். திறந்த வெளியில் நிற்கும் விமானத்துக்கு அந்த விரல் அகல ஆட்டம் ஆனி, ஆடி இரண்டு மாதமும் இரவு பகலாக நடக்கிறது. ஒரு நாளில் எதுவும் உடையாது. போல்ட் துளை நீளும், கப்பி மேல் உட்காரும் இடத்தில் கேபிளின் இழை அறும், இழுவிசை குறையும், காலரில் கம்பி போகும் துளையே பெரிதாகும். துளை பெரிதானால் ஆட்டம் கூடும், ஆட்டம் கூடினால் துளை இன்னும் பெரிதாகும். 172 உற்பத்திக்கு வந்தது 1956இல். இன்று பறப்பவற்றில் பல, வயதில் விமானிகளைவிட மூத்தவை. அவற்றில் இந்தத் தேய்மானம் ஏற்கெனவே பாதி வழி வந்திருக்கும்.

விசையை ஒரு தோராயக் கணக்காகச் சொல்கிறேன். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. 172இன் ரடர் ஒரு சதுர மீட்டரில் முக்கால் பங்குகூட இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று அதன் மேல் முழுதாக விழுந்தால் பத்து கிலோ அளவு பாரம், 90 கிலோமீட்டரில் இருபது கிலோவுக்கு மேல். சீராகத் தள்ளினால்தான் இந்தக் கணக்கு. ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குப் போய் அறைவது சுத்தியல் அடி மாதிரி. அதன் பாதிப்பே வேறு.

வெளியே போடும் பலகை இந்தச் சங்கிலியை வெட்டிவிடுகிறது. எலரானை அடுத்து இறக்கையில் இருக்கும் ஃபிளாப் என்ற பகுதியோடும், ரடரை முன்னால் நிற்கும் நிலையான வாலோடும் சேர்த்துப் பிடிப்பதால், காற்றின் தள்ளுதல் அந்த இடத்திலேயே விமானத்தின் உடம்புக்குப் போய்விடும். கேபிளுக்கும் கப்பிக்கும் வேலை இல்லை.

கடையில் அலுமினியத்தில் செய்து விற்கும் பூட்டுகள் உண்டு. நாங்கள் ஓசூரில் ஒரு ஆசாரியிடம் தேக்கு ரீப்பரில் செய்தோம். அளவு அட்டையைக் காட்டியதும், "இது றெக்கைக்கா சார், வாலுக்கா? வாலுக்குன்னா முன்னாடி அகலம் வேணும், இல்லன்னா நழுவிடும்" என்று அவரே சொன்னார். சொன்னது சரி. ரடருக்கு இரண்டு ரீப்பர், வாலின் இரு பக்கமும் ஒன்று. வாலின் முன்விளிம்புக்கு முன்னால் ஒரு போல்ட், ரடரின் பின்விளிம்புக்குப் பின்னால் ஒரு போல்ட், இரண்டிலும் விங் நட்டு, போல்ட் மேல் ரப்பர் குழாய். வால் கீழே போகப் போக அகலமாவதால் பலகை ஒரு மட்டத்தில் தானாக உட்கார்ந்துகொள்ளும். எலரானுக்குப் பக்கத்துக்கு ஒரு ஜோடி. எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

பலகையைப் புகழ்கிறேன் என்பதற்காக அதன் வம்புகளை மறைக்க மாட்டேன். முதலில் உள்பக்கம் பழைய கார் கார்ப்பெட் ஒட்டினோம். இரண்டு மழைக்குப் பிறகு கழற்றினால் கார்ப்பெட் ஈரம் குடித்து, அதற்கு அடியில் பெயின்ட் பொரிந்திருந்தது. மண் துகள் சிக்கி உரசின கோடுகள் வேறு. ஈரம் தங்கும் இடத்தில் அலுமினியம் அரிக்கும். காற்றுக்குப் பயந்து போட்ட பூட்டே தகட்டைத் தின்னக் கூடாது. யோகா விரிப்பாக விற்கும் ஃபோமை வெட்டி ஒட்டினோம், அது தண்ணீர் குடிப்பதில்லை. 172இன் ரடர், எலரான் தகடுகள் வரிவரியாக மடிப்பு விட்டவை. ஃபோம் தடிமனாக இருந்தால்தான் மடிப்புகளில் பாரம் சமமாக விழும். பலகையை ரிவெட் வரிசைக்கு நேராக, உள்ளே விலா எலும்பு மாதிரி சட்டம் இருக்கும் இடத்தில் வையுங்கள். வெறும் தகட்டின் மேல் இறுக்காதீர்கள். ரடரின் பின்விளிம்பில் கையால் வளைத்துச் சரிசெய்யும் சின்னத் தகடு ஒன்று உண்டு. பலகை அதில் பட்டு அது அரை விரல் வளைந்தாலும் விமானம் ஒரு பக்கம் இழுக்கும். எலிவேட்டரில் இருக்கும் டிரிம் டேப் என்ற சின்னத் தகட்டையும் தொடக் கூடாது.

இன்னொன்று, ரடர் பலகையோடு விமானத்தை இழுத்துத் திருப்பாதீர்கள். முன்சக்கரத்தைத் திருப்பினால் ரடரும் சேர்ந்து திரும்பப் பார்க்கும். பலகை விடாது, பாரம் ஸ்டியரிங் இணைப்பில் விழும். கையேடும் இதை எச்சரிக்கிறது.

பலகைக்கு எதிரான பெரிய வாதம் மறதி. கம்பி சுவிட்சை மறைக்கும், பலகை எதையும் மறைக்காது. இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஒஹாயோவில் போயிங் மாடல் 299 என்ற பெரிய விமானம் பூட்டை எடுக்காமலே எழும்பி விழுந்தது. இருவர் இறந்தார்கள். விமானிகள் சோதனைப் பட்டியலை வரி வரியாகப் பார்க்கும் வழக்கம் வேரூன்றியது அதற்குப் பிறகுதான். 2014 மே 31 அன்று மாசசூசெட்ஸ் மாநிலம் பெட்ஃபோர்டில் கல்ஃப்ஸ்ட்ரீம் 4 ஜெட் ஒன்று பூட்டோடு ஓடி, எழும்ப முடியாமல் எரிந்து, ஏழு பேர் போனார்கள். அந்த விமானிகள் முந்தைய 175 பறப்புகளில் இரண்டில் மட்டுமே கன்ட்ரோல்களை முழுதாக அசைத்துச் சோதித்திருந்தார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. இந்த இரண்டு விபத்திலுமே பூட்டு, விமானி கைக்கெட்டும் தூரத்தில் உள்ளிருந்து போடுவது. கல்ஃப்ஸ்ட்ரீமில் பூட்டு இருக்கும்போது இன்ஜின் விசையைக் கூட்டும் திராட்டில் முன்னே போகாதபடி ஒரு ஏற்பாடும் இருந்தது; எதிர்பார்த்த அளவுக்கு அது தடுக்கவில்லை. இதனால் வெளிப்பூட்டுதான் பத்திரம் என்று ஆகிவிடாது. உள்பூட்டு மறதியை ஒழித்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை. எந்தப் பூட்டானாலும் ஓடுவதற்கு முன் யோக்கையும் பெடலையும் கோடிக்குக் கோடி அசைத்து, வெளியே எலரான், எலிவேட்டர், ரடர் சரியான பக்கம் போகின்றனவா என்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

அதனால் நான் கம்பியைத் தூக்கிப் போடவில்லை. கம்பி எப்போதும் உள்ளே இருக்கிறது, சுவிட்சை மறைக்கும் தகடுக்காக. ரடர் பலகை வருஷம் பூராவும், எலரான் பலகைகள் சித்திரையிலிருந்து ஆடி முடிய. ஒவ்வொன்றிலும் இரண்டு முழம் சிவப்பு நாடா. ஓசூர் வெயிலில் சிவப்பு நாலைந்து மாதத்தில் வெளுத்து இளஞ்சிவப்பாகிவிடுகிறது, அதை மாற்ற மறக்காதீர்கள். துணி போர்த்திய இறக்கைக்கும், வால்சக்கரம் வைத்த விமானங்களுக்கும் இதே பலகை பொருந்துமா என்று நான் செய்து பார்த்ததில்லை. புயல் வரும் கடற்கரை ஊர்களில் இது மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். நான் பார்த்தது ஒரு கோடையும் ஒரு ஆடியும்தான். அந்த ஆடி முடிந்து பார்த்தபோது ரடர் கீலில் கைக்குத் தெரியும் ஆட்டம் எதுவும் இல்லை, எலரான் கேபிள் இழுவிசையும் வைத்த அளவிலேயே இருந்தது.

மறதிக்கு ஒரு வழி பெரியவர்தான் கண்டுபிடித்தார். அவர் அறைச் சுவரில் மூன்று ஆணி அடித்திருக்கிறார், வாலுக்கு ஒன்று, இறக்கைக்கு இரண்டு. பலகை விமானத்தில் இருந்தால் ஆணி காலி. மூன்று ஆணியிலும் பலகை தொங்கினால்தான் சாவியை எடுத்துக் கொடுப்பார். போன வாரம் நான் அவசரத்தில் சாவி கேட்டேன். "ரெண்டுதான் தொங்குது சார்" என்று சொல்லிவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.