வகுப்பறையா, வீட்டுச் சமையலறையா? தெற்காசியக் குடியேறிகளின் எடைக்குறைப்பில் இரண்டு வழிகள்

சிகாகோவில் ‘சஹேலி’, ஸ்காட்லாந்தில் ‘போடோசா’. இரண்டும் இந்திய, பாகிஸ்தானிய வீடுகளின் சாப்பாட்டையும் பழக்கவழக்கத்தையும் மனத்தில் வைத்து வகுத்த, உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றிப் பார்த்த ஆய்வுகள். வழிதான் வேறு.

சஹேலி குழு வகுப்பு. 549 பேர் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு அவரவர் மொழியில் வாரம் ஒன்றாக 16 வகுப்புகள், பிறகு 4 தொடர் வகுப்புகள். மற்றப் பிரிவினருக்கு அச்சிட்ட குறிப்புகள் மட்டும். ஓராண்டு கழித்துப் பார்த்தால் எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எதிலும் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தன்னால் முடியும் என்ற நம்பிக்கை மட்டும் வகுப்புக்கு வந்தவர்களிடம் கூடியிருந்தது.

போடோசாவில் உணவியல் நிபுணர் வீட்டுக்கே போனார்; 3 ஆண்டுகளில் 15 முறை. ஒப்பீட்டுக் குடும்பங்களுக்கு 4 முறை. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 171 பேரில், அடிக்கடி பார்க்கப்பட்டவர்கள் சராசரியாக 1.13 கிலோ குறைந்தார்கள், மற்றவர்கள் 0.51 கிலோ ஏறினார்கள். சின்ன எண்தான். ஆனால் 3 ஆண்டு தாங்கிய எண்.

சேர்ந்தவர்களும் ஒப்பீட்டு முறையும் வேறு என்பதால் இரண்டையும் நேராகத் தராசில் வைக்க முடியாது. இருந்தும் என் ஓட்டு வீட்டுக்குத்தான். வகுப்பில் கணவர் கற்றுக்கொள்வார். தாளிப்பது மனைவியோ மாமியாரோ. ‘எண்ணெயைக் குறையுங்கள்’ என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள், அடுப்படியில் கண்ணளவாகத்தான் ஊற்றுவார்கள். வீட்டுக்குப் போனால் எண்ணெய் கேனைக் காட்டச் சொல்லலாம். நான்கு பேருக்கு மாதம் 5 லிட்டர் என்றால் ஆளுக்குத் தினம் சுமார் 42 மில்லி. அதிலேயே 340 கலோரி போகிறது. மாதம் 3 லிட்டரை மட்டும் வாங்கி, கரண்டியால் அளந்து ஊற்றினால் 25 மில்லிக்கு இறங்கும், தலைக்குச் சுமார் 140 கலோரி மிச்சம். தேநீரும் அப்படித்தான்: நாலு கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் தினம் 130 கலோரி. கொடுத்த இனிப்பை விருந்தாளி வேண்டாம் என்றால் மனம் நோகும் வீடுகளில், அதைத் தனிக் கிண்ணத்தில் வைக்க வீட்டுக்காரரிடம்தான் பேச வேண்டும்.

நடையிலும் இதே கதை. டிசம்பரில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ‘சாயங்காலம் நடங்கள்’ என்ற அறிவுரை அங்கே செல்லாது. மதிய உணவு இடைவேளையில் 15 நிமிடம், வீட்டுப் படிக்கட்டில் மீதி என்று பிரித்துத் தர வேண்டும்.

வீட்டு வருகைக்குச் செலவு அதிகம், ஆள் பற்றாக்குறை வேறு. பணம் போதாவிட்டால் வகுப்பையே நடத்தலாம். ஆனால் சமைப்பவரும் கூட வரட்டும். முதல் மாதத்துக்குள் ஒருமுறையாவது அவர்கள் அடுப்படியில் போய் எண்ணெயை அளந்துவிடுங்கள்.