எந்த இடத்திலும் ஆடுபவருக்கு ஒரே சோடி: டர்ஃப் பூட்ஸ்

சவூதியின் கால்பந்து வீரர் யாசர் அல் ஷஹ்ரானி வலக்காலர்; அல் ஹிலால் கழகத்திலும் தேசிய அணியிலும் இடது பின்களத்தில் ஆடியே பேர் எடுத்தவர். அவரைப் போல எந்த இடத்திலும் ஆடலாம், ஆனால் அவரைப் போன்றவர்கள் ஓடுவது நீர் தெளித்த புல்லில். அவர்கள் போடும், அடியில் நீண்ட முனைகள் (ஸ்டட்) உள்ள பூட்ஸைத் திருகோணமலையில் வாங்குவது வீண்செலவு. வெயில் காலத்தில் இறுகிய தரையில் ஸ்டட் இறங்காது, பாரம் முழுக்க நாலைந்து முனையில் நின்று குதிக்கால் நோகும், திரும்பும்போது கணுக்கால் மடங்கும்.

நகரக் கடைகளில் கிடைக்கும் டர்ஃப் வகைதான் இங்கே சரி. அடியில் குட்டைக் குட்டையாய் நிறைய ரப்பர் முனைகள். பின்களம், நடுக்களம், விங் எங்கே விட்டாலும் பிடிமானம் ஒன்றுதான். மாரிச் சேற்றில் மட்டும் வழுக்கும்.

குறை, ஒட்டு. பிராண்ட் பெயர் போட்ட மலிவு நகல்களில் விரல் முனை பசையில் மட்டும் நிற்கும், சூட்டில் வாய் பிளக்கும். முனையைச் சுற்றித் தையல் ஓடுகிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். மடித்தால் விரல்மூட்டில் மடியவேண்டும். நடுவில் மடிந்தால் திருப்பிக் கொடுங்கள். நகல்களின் யூகே இலக்கத்தை நம்பாமல் பாத நீளத்தைச் சென்ரிமீற்றரில் அளந்து, பின்னேரம், ஆட்டச் சொக்ஸோடு போட்டுப் பார்ப்பது நல்லது. காலையில் பொருந்துவது மாலையில் இறுக்கும்.

கடற்கரை மணலில் ஓடினால் உப்பை நல்ல தண்ணியில் கழுவி, பேப்பர் திணித்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் பசை போச்சு.